ஹட்டன் மாடிக் கடை: பழைய ஸ்பீக்கருக்கு தாராளமா போங்க, பாலிஷுக்கு மட்டும் வேணாம்

இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல பழைய ஸ்பீக்கர் செய்ற மாடிக் கடைய பத்தி ஆளாளுக்கு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்லி முடியல, அதனால இங்கயே எழுதிடுறேன். போர்டு கிடையாது. மெயின் ரோட்டுல ஒரு துணிக்கடை, அதுக்கு சைடுல ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மரப்படி, ஏறுனா வாசல்லயே செத்துப்போன கெசட் டெக்கெல்லாம் சுவர் மாதிரி அடுக்கியிருக்கும், அதான் அடையாளம். 10 இன்ச் வூஃபர் (அடி சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்ட பெட்டி ரெண்ட அந்தப் படியில ஒத்தையா தூக்கிட்டு ஏறி எனக்கு ரெண்டு நாள் இடுப்பு பிடிச்சிக்கிச்சு, அதையும் சேர்த்துதான் இந்த ரிவியூ.

பெட்டி அப்பாவோடது. அப்பா பொகவந்தலாவை பக்கம் டீமேக்கரா (தேயிலை ஃபெக்டரி பொறுப்பாளர்) இருந்தாரு. 1975ல கம்பெனி தோட்டத்தையெல்லாம் கவர்மெண்டு எடுத்தப்ப அங்க இருந்த தொரை (தோட்ட மேனேஜர்) ஊருக்கு கெளம்புறாருன்னு பங்களா சாமான வித்தாரு, அதுல அப்பா எடுத்ததுதான் இந்த ஜோடி. என்ன விலைக்கு எடுத்தாருன்னு அம்மாக்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லல. பிராண்ட நானும் சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கே வீட்டு வாசல்ல வந்து விலை பேசுவீங்க.

90கள்ல கொரகொரன்னு சத்தம் வர ஆரம்பிச்சதும் அப்பா பெட்ஷீட்ட போட்டு மூடி வச்சிட்டாரு. நான் ரொம்ப வருசம் கழிச்சு கிரில் துணிய கழட்டி பாத்தா, கோன (ஸ்பீக்கர்ல அதிர்ற பேப்பர் புனல்) சுத்தி இருக்க ஃபோம் வளையம் விரல் பட்டதும் டீயில ஊறுன பிஸ்கட் மாதிரி கையோட வந்துச்சு. அந்தக் காலத்து பாலியூரித்தேன் ஃபோமுக்கு அவ்வளவுதான் ஆயுசு, பாட்டு போட்டாலும் போடாட்டியும் 15, 20 வருசத்துல பொடியாயிரும், ஈரக்காத்துன்னா இன்னும் சீக்கிரம், நம்ம ஊரு 4000 அடிக்கு மேல, மழையும் மிஸ்ட்டும் சேர்ந்து அலமாரிக்குள்ள சட்டையே பூஞ்சணம் பிடிக்குது, ஃபோம் எம்மாத்திரம்.

மொதல்ல கண்டியில ஒருத்தர்ட்ட குடுத்தேன், அது என் தப்பு. அவரு ஃபோம் எல்லாம் இப்ப யாரு போடுறா, ரப்பர் போட்டா ஆயுசுக்கும் நிக்கும்னு சொல்லி சப்வூஃபருக்கு போடுற தடி ரப்பர் வளையத்த ஒட்டி குடுத்துட்டாரு. பாக்க ஜோரா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து போட்டா பேஸே இல்ல, அதான் அந்த கனமான அடி சத்தம், தகர டப்பா, பழுதா இருந்தப்பவே இத விட நல்லா பாடுச்சு. கேட்டதுக்கு உங்க அம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சரியில்லன்னு சொல்லிட்டாரு.

ஹட்டன் கடையில இருக்கவருக்கு அறுபது தாண்டியிருக்கும், நான் அண்ணேன்னுதான் கூப்பிடுறது. பெட்டிய பாத்ததும் ஸ்க்ரூ டிரைவர தொடல, ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு பாட்ட ஓட விட்டு கண்ண மூடிக்கிட்டு உக்காந்துட்டாரு. அப்பறம் சுவர் கடிகாரத்துல இருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரிய கழட்டி ரெண்டு வயரு புடிச்சு ஸ்பீக்கர் பின்னாடி டெர்மினல்ல ஒரு தொடு தொட்டாரு. மொத பெட்டியில கோன் வெளிய வந்துச்சு. அடுத்ததுல அதே மாதிரி தொட்டா உள்ள போச்சு. "தம்பி, இத கழட்டி மாட்டுனவன் ஒன்ன தலகீழா மாட்டியிருக்கான்"னாரு. ஒன்னு காத்த தள்ளுறப்ப மத்தது இழுக்குது, ரெண்டும் ஒன்ன ஒன்னு தின்னுருது, பேஸ் எங்க இருந்து வரும்? ஒரு நிமிசம் கூட ஆகல. (பழைய ஜேபிஎல் கம்பெனி பெட்டி வச்சிருக்கவங்க இத படிச்சிட்டு வயர மாத்திராதீங்க, அதுல செவப்புல ப்ளஸ் குடுத்தா கோன் உள்ள போறதுதான் முறை. ரெண்டு பெட்டியும் ஒரே பக்கம் போகுதாங்கிறதுதான் விசயம்.)

வயர மாத்தி திரும்ப போட்டதும் பாதி பேஸ் வந்துருச்சு. சரி இது போதும்ணே, ரப்பர் இருக்கட்டும்னு நான் சொன்னதுக்கு அவரு ஒத்துக்கல. என்னோடது சுத்தி அடைச்ச பெட்டி, பின்னாடி ஓட்ட கிடையாது, 1954ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர்ங்கிறவரு ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனி ஆரம்பிச்சு கொண்டு வந்த முறை. பெட்டிக்குள்ள அடைபட்டிருக்க காத்துதான் இதுக்கு ஸ்பிரிங், அதனால கோன பிடிச்சிருக்க வளையம் இருக்கதே தெரியாத அளவுக்கு லேசா இருக்கணும், அங்க போயி தடி ரப்பர ஒட்டுனா கோன் எப்படி அசையும்னு கேட்டாரு. கேக்கும்போதே கோன விரலால தள்ளி காட்டுனாரு, கதவு கீல் மாதிரி அவ்வளவு இறுக்கம்.

வேல நடக்குறப்ப ரெண்டு தடவ போயி பாத்தேன், பாக்க விடுறாரு, அது எனக்கு பெரிய விசயம். பழைய ரப்பரையும் பசையையும் கோன் பேப்பர் கிழியாம எடுக்கவே ஒரு பெட்டிக்கு ஒரு நாள் ஆயிருச்சு. அப்பறம் கோனுக்கு நடுவுல இருக்க தொப்பிய பிளேடால சுத்தி அறுத்து எடுத்துட்டு, பழைய எக்ஸ்ரே படத்த மெல்லிசா பட்டி பட்டியா வெட்டி வாய்ஸ் காயிலுக்கும் (கோனோட அடியில ஒட்டியிருக்க கம்பிச்சுருள்) நடு இரும்புக்கும் இடையில நாலு பக்கமும் சொருகுனாரு. அப்பதான் காயில் நடுவுல நிக்கும், புது ஃபோம் ஒட்டி காயுற வரைக்கும் ஒரு பக்கமும் சாயாது. யாரோட நெஞ்சு எக்ஸ்ரேவோ தெரியாது, விலா எலும்பு கூட தெரிஞ்சுச்சு. ஒரு ராத்திரி காய வச்சு, பட்டிய உருவிட்டு, போன்ல இருந்து 30 ஹெர்ட்ஸ் சத்தத்த மெல்லமா குடுத்து காத வச்சு கேட்டாரு, காயில் எங்கயாவது உரசுனா ஒரு கரகரப்பு வருமாம். வரல. அதுக்கப்பறம்தான் தொப்பிய ஒட்டுனாரு. மீட்டர்ல பாத்தப்ப ஒரு வூஃபர் 5.9, மத்தது 6.1 ஓம், எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும், அது சரியான கணக்குதான், காயிலுக்கு ஒன்னும் ஆகல.

கிராஸ் ஓவர்ல (அடி சத்தத்தையும் கீச்சு சத்தத்தையும் பிரிக்கிற சர்க்யூட்) இருந்த பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள கழட்டி அளந்தா 6.8 மைக்ரோஃபராட்னு போட்டிருந்தது 10க்கு மேல காட்டுச்சு, அதையெல்லாம் மாத்திட்டாரு. ட்வீட்டர (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) நான் மாத்த சொன்னேன், அவரு மாட்டேன்னுட்டாரு. அது பாடிக்கிட்டுத்தான் இருக்கு, பின்னாடி திருகுற கன்ட்ரோல்லதான் களிம்புன்னு சொல்லி ஸ்ப்ரே அடிச்சு இருவது முப்பது தடவ திருப்பி விட்டாரு, செத்துப் போச்சுன்னு நெனச்ச ட்வீட்டர் பாடுது. மாத்தியிருந்தா அவருக்குத்தான் காசு. இதுக்காகவே நான் அந்த கடைக்கு மார்க் போடுவேன்.

இப்ப குறை. பத்து நாள்னு சொல்லி அஞ்சு வாரம். போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போனா மட்டும் பிளேன்டீ குடுத்து ரொம்ப மரியாதையா பேசுவாரு, கோவப்படவும் முடியாது. பில்லு கிடையாது, ஒரு சிகரெட் அட்டையில கணக்கு எழுதி தர்றாரு. ஜோடிக்கு மொத்தம் 19,500 ரூவா ஆச்சு, ஃபோமும் கெபாசிட்டரும் கூலியும் எல்லாம் சேர்த்து. கண்டியில தண்டமா குடுத்தத நான் இதுல சேர்க்கல.

அப்பறம் அந்த பாலிஷ். நான் கேக்கவே இல்ல, ஃப்ரீயா செஞ்சு தர்றேன்னு ஒரு பெட்டிக்கு பளபளன்னு வார்னிஷ் அடிச்சிட்டாரு. அது தேக்கு வெனியர், அம்பது வருசம் கையெண்ணெயும் சாமி ரூம் பொகையும் ஏறி ஒரு நெறத்துக்கு வந்திருந்துச்சு. நல்ல வேள அடுத்த பெட்டிக்கு பிரஷ்ஷ தொடுறதுக்குள்ள நான் போயிட்டேன். இப்ப வீட்டுல ஒன்னு மங்கலா இருக்கு, ஒன்னு கல்யாண மண்டபத்து கதிரை மாதிரி மின்னுது. குடுக்கும்போதே பெட்டிய தொடாதீங்கண்ணேன்னு சொல்லிடுங்க, இல்ல வூஃபர மட்டும் கழட்டி கொண்டு போங்க, இடுப்புக்கும் நல்லது.

சத்தம் எப்படின்னு கேட்டீங்கன்னா, பெட்டி வீட்டுக்கு வந்த அன்னிக்கு மொதல்ல போட்டது அப்பா தோட்டத்துல பிடிச்ச காமன் கூத்து (மன்மதன், ரதி கதைய ஆடுற மலையக கூத்து) கெசட். சின்ன வயசுல இருந்து கேட்டதுதான், ஆனா தப்பு மேளம் அடிக்கிறப்ப தோலு அதிர்ந்து அடங்குற அந்த வாலு இத்தன வருசமா எனக்கு கேட்டதே இல்ல, டப்புன்னு அடிச்சு நிக்கும், அவ்வளவுதான். இப்ப அடி விழுந்து, சுத்தி இருக்க மலையில பட்டு, லேட்டா திரும்பி வர்றது வரைக்கும் கேக்குது. ஒரு எடத்துல யாரோ இருமுறாங்க, வலது பெட்டிக்கு கொஞ்சம் பின்னாடி. அப்பாதான்னு அம்மா சொல்றாங்க, எனக்கு அது லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஆள் யாரோ மாதிரி இருக்கு, இன்னும் தீரல அந்த சண்ட.

பெரிய சத்தத்துக்கு வாங்குறவங்களுக்கு இது வேணாம், கோயில் திருவிழா மாதிரி வீடே அதிரணும்னா இப்ப வர்ற புது சாமான்தான் சரி. ஈரம் அடிக்கிற வெளிச்சுவர ஒட்டி வைக்காதீங்க, தரையிலயும் வைக்காதீங்க, ஒரு அடி ஸ்டூல் போட்டாலே பேஸ் தெளிவாயிரும், இதுவும் அந்த அண்ணன் சொன்னதுதான்.

இப்ப என்னன்னா பெட்டி நல்லானதும் அம்ப்போட இடது பக்கத்துல ஒரு இரைச்சல் இருக்கது தெரியுது, முந்தி கேக்கவே இல்ல. செவ்வாக்கெழம அதையும் தூக்கிட்டு அதே படி ஏறணும், இந்த தடவ மச்சானையும் கூப்பிட்டிருக்கேன்.