முந்திரிக் கடைக்கு எந்த பட்டன், விடுதிக்கு எந்த பட்டன்?

இரண்டு வேலை ஒன்றாக வந்தது. புதுச்சேரி ஒயிட் டவுனில் ஆறு அறை உள்ள ஒரு விடுதிக்கு முன்பதிவுத் தளம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பண்ருட்டி முந்திரி விற்கும் அண்ணாச்சிக்கு ஆன்லைன் ஆர்டர். இருவரும் கேட்டது ஒன்றுதான்: "பாஸ்வேர்டு தொல்லை வேணாம் தம்பி, தட்டினா உள்ள போகணும்."

அதற்குத்தான் "கூகுள் கணக்கில் உள்நுழைக" மாதிரியான பட்டன்கள். கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் மூன்றின் பட்டன்களுமே 2012-இல் வெளியான ஓஆத் 2.0 என்ற பொது நெறிமுறையில்தான் ஓடுகின்றன. நம் தளம் ஆளை அங்கே அனுப்பும். அவர்கள் "இவர் இன்னார்தான்" என்று உறுதிசொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்வேர்டு நம் கைக்கு வராது. வித்தியாசமெல்லாம் சில்லறை விஷயங்களில்தான்.

அமைப்பதில் கூகுளே சுலபம். அடையாள எண், ரகசியச் சாவி, திரும்பிவரும் முகவரி, அவ்வளவே. அந்த முகவரி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் உள்ளே விடாது. ஒரு மதியம் முழுக்க அதைத்தான் தேடினேன். சோதனை நிலையில் 100 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, திறப்புவிழாவுக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும். பெயர், இமெயில், படம் மட்டும் கேட்டால் நீண்ட ஆய்வு ஏதும் இல்லை.

ஆனால் விடுதிக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் இன்ஸ்டாகிராமில் இருந்த இணைப்பைத் தட்டி வருகிறார்கள். செயலிக்குள்ளேயே திறக்கும் அந்தப் பக்கத்தில் கூகுள் தன் உள்நுழைவை அனுமதிப்பதில்லை, பாதுகாப்புக்காகத்தான். "குரோமில் திறக்கவும்" என்று ஒரு வரி போட வேண்டியிருந்தது.

முந்திரிக் கடையில் சிக்கல் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அநேகமாக எல்லோரிடமும் கூகுள் கணக்கு உண்டு, சரி. ஆனால் அது செல்போன் கடைப் பையன் போட்டுக்கொடுத்த ஜிமெயில். கணக்கின் பெயர்கூட உரியவருக்குத் தெரியாது. உள்ளே வந்துவிடுவார்; ஆர்டர் மெயில் யாரும் திறக்காத பெட்டியில் போய்க் கிடக்கும்.

ஃபேஸ்புக்கிலும் இதே ஓட்டை, இன்னும் பெரிதாக. போன் நம்பரில் கணக்கு தொடங்கியவருக்கு இமெயிலே வராமல் போகலாம். தனியுரிமைக் கொள்கைப் பக்கம், தகவலை அழிக்கும் வழி இரண்டும் காட்டியாக வேண்டும். இரண்டு தளத்திலும் ஃபேஸ்புக் பட்டனையே விட்டுவிட்டேன். அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

ஆப்பிள் விடுதிக்கு அவசியம். பிரான்சிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் கையில் ஐபோன்தான். ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம். ரகசியச் சாவியை நாமே கையெழுத்திட்டு உருவாக்க வேண்டும், அதன் ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம். தளத்தைச் சொந்தக் கணினிக்குள்ளேயே (லோக்கல்ஹோஸ்டில்) ஓட்டிச் சோதிக்க முடியாது. வாடிக்கையாளர் விரும்பினால் தன் இமெயிலை மறைத்து ஆப்பிளின் இடைமுகவரியைத் தருவார்; நம் மெயில் டொமைனை அங்கே முன்கூட்டிப் பதியாவிட்டால் ரசீது போய்ச் சேராது. பெயரை முதல் முறை மட்டுமே தருவார்கள். அதைச் சேமிக்க நான் மறந்துவிட்டதால், விடுதிப் பட்டியலில் மூன்று பேர் பெயரில்லாமல் வந்து நின்றார்கள். வரவேற்பில் இருக்கும் அக்கா ஃபோன் போட்டு, "இவங்கள என்னன்னு கூப்பிடறது?" என்றார்.

எந்த பட்டன் வைத்தாலும் ஒன்று: ஆளை இமெயிலை வைத்து அடையாளம் காணாதீர்கள். ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் எண் வரும், டேட்டாபேஸில் அதுவே சாவி. ஒரே இமெயில் இரண்டு வழியில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கணக்குகளை இணைக்கவும் கூடாது; அது சரிபார்க்கப்பட்ட முகவரிதானா என்று பார்க்காவிட்டால் வேறொருவர் உள்ளே நுழைந்துவிடலாம்.

முந்திரிக்குக் கடைசியில் ஓடிபியைத்தான் முதலில் வைத்தேன். டெலிவரிக்கு எப்படியும் போன் நம்பர் வேண்டும், அதையே அடையாளமாக்கிவிட்டால் ஒரு படி மிச்சம். வணிக மெசேஜ்களுக்கான பதிவு முறையான டிஎல்டியில் அனுப்புநர் பெயரையும் மெசேஜ் வாசகத்தையும் பதிய அலைச்சல் உண்டு. விடுதிக்கு கூகுளும் ஆப்பிளும்.

அண்ணாச்சிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. "ஒவ்வொரு மெசேஜுக்கும் காசா?" என்று கேட்டவர், கீழே கூகுள் பட்டனையும் வைக்கச் சொல்லி, எதைத் தட்டுகிறார்கள் என்று தினம் எண்ணிக்கொண்டிருக்கிறார்.