ஓ.டி.பி. சொல்வதற்கு முன் பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

ரீகால் கடிதம் (குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்ற வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனி அனுப்புவது) வந்த கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனி பெயரையும் சர்வீஸ் சென்டர் பெயரையும் எழுதவில்லை. என் புகார் இன்னும் முடியவில்லை, அதற்குள் பெயரைப் போட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. பெயர் இல்லாமலே விஷயம் புரியும்.

போன வருடம் ஆடி மாதம் கடிதம் வந்தது. மேலே கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் ஆடித் தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்து ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து என் மகன்தான் பிரித்துப் படித்தான். "அம்மா, ஃப்யூயல் பம்ப்பை மாத்தணுமாம், ஃப்ரீயா." அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோக வாய்ப்பு உண்டு என்கிற வரி, "தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி" போன்ற பத்து வரிகளுக்கு நடுவே ஒளிந்திருந்தது.

விஷயம் இதுதான். பெட்ரோல் டாங்குக்குள் இருக்கும் பம்ப்பில் இம்பெல்லர் என்று பிளாஸ்டிக்கில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. அந்த பிளாஸ்டிக் சரியான அடர்த்தியில் வார்க்கப்படவில்லை என்றால் பெட்ரோலை உறிஞ்சி உப்புகிறது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் சிக்குமே, அப்படித்தான். உப்பிய சக்கரம் பக்கச்சுவரில் உரசி, ஒருநாள் சுற்றாமல் நின்றுவிடும். பெட்ரோல் வராது, இன்ஜின் அணைந்துவிடும். இது ஏதோ ஒரு கம்பெனிக்கு மட்டும் வந்த கேடு இல்லை. 2020-இல் ஜூன் மாதம் ஹோண்டா 65,651 கார்களையும், அடுத்த மாதமே மாருதி 1,34,885 கார்களையும் ஃப்யூயல் பம்ப்புக்காகவே திரும்ப அழைத்தன. என்னுடைய கார் எது என்று இதிலிருந்து ஊகிக்க வேண்டாம்.

ஆவணியில் முதல் முறை வண்டியை விட்டேன். சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன், நல்ல மரியாதை. "மேடம், பார்ட் ஸ்டாக் இல்ல. வந்ததும் நாங்களே கூப்பிடறோம். வந்தது வந்துட்டீங்க, ஜெனரல் செக்கப் பண்ணிடலாமா?" என்றான். சரி என்று தலையாட்டினேன். சாயங்காலம் வீல் அலைன்மென்ட், இன்ஜெக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமிநாசினி எல்லாம் சேர்த்து 6,840 ரூபாய் பில். இலவச வேலைக்குப் போய் அவ்வளவு கட்டிவிட்டு வந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

பார்ட் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவன் தணிந்த குரலில் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒரே மாதிரி பம்ப்பைப் பல மாடல்களில் போட்டிருக்கிறார்கள், ரீகாலும் ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பம்ப் செய்யும் ஆலை புது கார்களுக்கும் கொடுக்க வேண்டும், பழைய கார்களுக்கும் கொடுக்க வேண்டும். "ஒரு சென்டருக்கு வாரத்துக்கு நாலோ அஞ்சோதான் அனுப்பறாங்க மேடம். எங்க லிஸ்ட்ல முந்நூறு வண்டி இருக்கு." கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இதை அவன் வாயால் சொன்னான். எழுதித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. என் முதல் தப்பு அது.

புரட்டாசியில் அவர்களே கூப்பிட்டார்கள். பார்ட் வந்துவிட்டது என்று அந்தப் பெண் போனில் தெளிவாகச் சொன்னாள். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோனேன். மதியம் மூன்று மணிக்கு வேறொரு அட்வைசர் வந்தார். "மேடம், உங்க சேசிஸ் நம்பருக்கு வந்த பார்ட் வேற லாட், பொருந்தாது. ஆனா வண்டியை முழுசா செக் பண்ணிட்டோம், ஒரு பிரச்சினையும் இல்ல, தைரியமா ஓட்டுங்க. போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க, கேட் பாஸ் போடணும்."

சொன்னேன். ஆறு எண்கள். எதற்கான ஓ.டி.பி. என்று அந்தக் குறுஞ்செய்தியை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. பாங்க் ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்று அப்பாவுக்கு நூறு தடவை பாடம் எடுத்தவள் நான்.

அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. நானும் மறந்துபோனேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. மதுராந்தகம் ஏரிகாத்த ராமரைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு நெடுநாள் ஆசை. தாம்பரத்தில் ஏறி, பரனூர் சுங்கச்சாவடி தாண்டி, செங்கல்பட்டும் தாண்டியாயிற்று. மாமண்டூருக்குச் சற்று முன்னால் பாலாற்றுப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். வண்டி ஒரு தடவை திக்கியது, பெருமூச்சு விட்டது மாதிரி அடங்கிவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. முதல் இரண்டு மிதிக்குப் பிரேக் பிடித்தது, மூன்றாவது மிதியில் பெடல் மரக்கட்டை. பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது, இடது பக்கம் கைப்பிடிச் சுவர். பின்னால் ஜல்லி ஏற்றிய லாரி. அவர் ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு உருண்டவரைக்கும் உருட்டி ஓரமாக நிறுத்தினேன். அம்மா "ராமா, ராமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரர்தான் இறங்கிவந்து எங்கள் வண்டிக்குப் பின்னால் தன் வண்டியைத் தடுப்பாக நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அம்மாவை அந்தப் பக்கமா இறக்கிக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றார். அவர் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்தேன், நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து குரோம்பேட்டைக்கு டோ வண்டி, 4,500 ரூபாய்.

சர்வீஸ் சென்டர் மூடியிருந்ததால் எங்கள் ஏரியா மெக்கானிக் பாய் கடையில் இறக்கினோம். அது என் அதிர்ஷ்டம். பாய் பின்சீட்டைத் தூக்கினார். என் வண்டியில் அதற்குக் கீழேதான் பம்ப் மூடி இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யாரும்மா சொன்னது செக் பண்ணிட்டோம்னு? கம்பெனில ஒட்டின பசை அப்படியே இருக்கு பாருங்க. இந்தத் தூசி அஞ்சு வருஷத் தூசி. இதை யாரும் தொடவே இல்ல."

தூசியின் மேல் சீட்டு நுரைப்பஞ்சின் அச்சு பதிந்திருந்தது. பாய் விரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். "நான் கழட்ட மாட்டேன்மா. கழட்டினா அவனுங்க என் மேல பழியைப் போட்டுடுவானுங்க. முதல்ல ஃபோட்டோ எடுத்துக்கங்க." மூடி, பசை, தூசி, கிலோமீட்டர் மீட்டர் எல்லாம் ஒரே வீடியோவில் தெரியும்படி எடுக்கச் சொன்னார். படிப்பு ஏழாவது என்பார். எனக்குக் கிடைத்த முதல் சட்ட ஆலோசனை அவரிடமிருந்துதான்.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ரீகால் உங்களுக்கு முடிஞ்சிருக்கே மேடம். செப்டம்பர்லயே க்ளோஸ் ஆகிருக்கு. இப்ப வாரண்டியும் இல்ல. பம்ப் மாத்தணும்னா 14,700 ஆகும்."

கம்பெனியின் இணையப் பக்கத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வாகனத்துக்கு நிலுவையில் ஏதும் இல்லை, பச்சை நிறத்தில் டிக் குறி. நான் சொன்ன ஆறு எண்கள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

இதைத்தான் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பார்ட் இல்லாமல் காத்திருப்பது எரிச்சல்தான், ஆனால் காத்திருக்கிறவர் பெயர் லிஸ்டில் இருக்கிறது. வேலை செய்யாமலே முடிந்ததாகக் கணக்கை மூடிவிட்டால் அந்தப் பெயரும் போய்விடும். பார்ட் வந்தாலும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள். நாளைக்கு வண்டியை விற்றால், வாங்குகிறவர் சேசிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்துப் பச்சை டிக்கை நம்பித்தான் வாங்குவார். அவர் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு எந்தப் பாலத்தில் போவாரோ.

அன்று நான் கத்தவில்லை. (கத்தினால் மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போய் காபி கொடுப்பார்கள், அதோடு சரி.) செப்டம்பர் மாத ஜாப் கார்டு (வண்டியில் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதும் சீட்டு) நகலைக் கேட்டேன். ரொம்ப நேரம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். அதில் லேபர், அதாவது வேலைக்கூலி, பதிவாகியிருந்தது, கம்பெனியிடமிருந்து கூலி வாங்க அது போதும். ஆனால் ஸ்பேர்ஸ் பகுதி காலி, பார்ட் நம்பரே இல்லை. பம்ப் மாற்றினோம் என்கிறீர்கள், எந்த பம்ப்பை ஸ்டோரிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ஒருவர் மட்டும், "சிஸ்டம்ல ஏதோ மிஸ்டேக் ஆகியிருக்கும் மேடம்" என்றார். சிஸ்டம் தானாகவா என் போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியது?

பாய் கடை வீடியோ, ஜாப் கார்டு, டோ பில், ரீகால் கடிதம் நான்கையும் இணைத்துக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். எட்டு நாள், "தங்கள் புகார் எங்களுக்கு முக்கியமானது" என்று இயந்திரம் பதில் சொன்னது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிந்தேன். புகார் எண் கைக்கு வந்த பிறகுதான் கம்பெனியிலிருந்து மனிதக் குரல் கேட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த நாட்களில் தேடிப் படித்தேன். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதுகாப்புக் குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும், அபராதம் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. குறை இருந்தால் நாமே அரசின் வாகன் இணையதளத்தில் பதியலாம். ஆனால் அபராதம் அரசுக்குப் போகும், என் 4,500 ரூபாய் டோ கூலிக்கு அது உதவாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான் வழக்கு. கார் விலை 5 முதல் 10 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் 200 ரூபாய், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் வாங்கிய 6,840 ரூபாய் ஜெனரல் செக்கப்பைவிட இது மலிவு.

பார்ட் பற்றாக்குறை என்றாலே உலகம் முழுக்க நினைவுக்கு வருவது தகாட்டா என்கிற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக் கதை. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களை (பையை உப்பவைக்கும் கருவி) மாற்றத் திரும்ப அழைத்தார்கள். உள்ளே இருந்த அமோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கெட்டுப்போய், விபத்து நேரத்தில் உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது. வெப்பமும் ஈரமும் என்றால் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாற்றுப் பாகம் கிடைக்காமல் அங்கேயும் ஜனங்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலருக்கு அதே ரகத்தையே புதிதாகப் போட்டு அனுப்பிவிட்டு மறுபடியும் வரச் சொன்னார்கள். 2017-இல் தகாட்டா திவாலே ஆகிவிட்டது. அங்கே பாகம் வராதவரைக்கும் மாற்று கார் கொடுத்த கம்பெனிகளும் உண்டு. நானும் கேட்டுப் பார்த்தேன். "அப்படி ஒரு பாலிசி இல்ல மேடம்" என்றார்கள். கேட்டதில் நஷ்டமில்லை, நீங்களும் எழுத்தில் கேளுங்கள்.

உங்களுக்குக் கடிதம் வந்திருந்தால், பார்ட் கையில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை விடுங்கள். வந்த இடத்தில் வேறு எந்த வேலைக்கும் சரி சொல்லாதீர்கள். பார்ட் இல்லையென்றால் "பார்ட் வரவில்லை, ரீகால் நிலுவை" என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து போடச் சொல்லுங்கள், போடாதவரைக்கும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். மாற்றினோம் என்றால் கழற்றிய பழைய பம்ப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கையில் தரமாட்டார்கள், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பார்கள். பார்க்க உரிமை இருக்கிறது, ஃபோட்டோ எடுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடியும் சேசிஸ் எண்ணைத் தட்டிப் பாருங்கள். காத்திருக்கிற நாட்களில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலோ, வேகத்தில் திக்கினாலோ ஹைவேயில் ஏற்றாதீர்கள். என் வண்டி மார்கழியிலேயே இரண்டு காலை அடம்பிடித்தது. பனி என்று நினைத்துக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் ஒருவழியாகப் புது பம்ப் போட்டார்கள், இலவசமாக. பழையதை நானும் பாயும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். டோ கூலியைத் தரவில்லை, அதற்குப் பதில் ஒரு இலவச வாஷ் கூப்பன் நீட்டினார்கள். அதைத் தொடவில்லை, 200 ரூபாய் கட்டி ஆணையத்தில் போட்டிருக்கிறேன். கம்பெனி இணையப் பக்கத்தில் என் ரீகால் இன்றைக்கும் செப்டம்பரிலேயே முடிந்ததாகத்தான் இருக்கிறது. திருத்தச் சொல்லி மூன்று கடிதம் போட்டாயிற்று.

நேற்று சாயங்காலம் அதே சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "ரீகால் ஒர்க் பண்ணிருக்கோம் மேடம், ஃபீட்பேக்ல பத்துக்குப் பத்து போடுங்க. ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்றீங்களா?"

ஸ்கூலில் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கிறேன், அப்புறம் மார்க் போடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.