போர்டு விலையும் பாஸ்புக் விலையும்: சொசைட்டி, தனியார் பாயிண்ட், வீட்டு வாடிக்கை – பால் ஊற்றிப் பார்த்த கணக்கு

"சொசைட்டியில 38, தனியார்ல 40." மாடு வைத்திருப்பவர்கள் பால் ஊற்றும் விலை பற்றிய பேச்சு ஊரில் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். சொசைட்டி என்றால் ஆவினுக்குப் பால் வாங்கும் கூட்டுறவுச் சங்கம், தனியார் பாயிண்ட் என்றால் தனியார் பால் கம்பெனி பால் வாங்கும் இடம். வருடக்கணக்கில் இரண்டு மூன்று இடங்களில் மாறி மாறி ஊற்றி, சிலிப்பை எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். எந்த ஃபேட்டுக்கு, அதாவது கொழுப்பு அளவுக்கு, 40? லிட்டருக்கா, கிலோவுக்கா? சாம்பிள் பால் திரும்ப வருமா? பில் எத்தனை நாளைக்கு ஒருமுறை? இத்தனைக்கும் பதில் தெரியாமல் 38-ஐயும் 40-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

முதலில் லிட்டரும் கிலோவும். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ எடை. 100 கிலோ பால் என்பது 97 லிட்டர்தான். தராசில் எடை போட்டு, அந்த எண்ணை அப்படியே கிலோவாக எழுதுகிறார்களா, லிட்டராக மாற்றி எழுதுகிறார்களா என்று பாருங்கள். கிலோவுக்கு 36 ரூபாய் என்றால் லிட்டருக்கு 37 ரூபாய் 8 காசு. தனியார் பாயிண்டில் கிலோ விலையும் சங்கத்தில் லிட்டர் விலையும் சொல்லப்பட்டால், ஒப்பிடும்போதே ஒரு ரூபாய்க்கு மேல் தவறிவிடும்.

அடுத்தது சார்ட். பால் விலை என்று ஒன்று கிடையாது, விலைப் பட்டியல்தான் உண்டு. கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும், அதாவது ஃபேட்டையும் எஸ்.என்.எஃப்.பையும், தனித்தனியாகப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது ஒரு முறை. இரண்டையும் கூட்டி மொத்தத் திடப்பொருளுக்குக் கிலோ விலை போடுவது இன்னொரு முறை. தனியார் பாயிண்டில் "டி.எஸ். ரேட் எவ்வளவு?" என்று கேட்பது இதைத்தான். புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் உதாரணம்தான், எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல.

'அ' என்ற இடத்தில் 4.0 ஃபேட், 8.5 எஸ்.என்.எஃப். இருந்தால் லிட்டருக்கு 40 ரூபாய். ஃபேட் ஒவ்வொரு பாயிண்ட் (0.1) குறைந்தால் 30 காசு பிடித்தம், கூடினால் 30 காசு சேர்ப்பு. ஆனால் 4.3-க்கு மேல் எவ்வளவு போனாலும் சேர்ப்பு இல்லை. எஸ்.என்.எஃப். ஒரு பாயிண்ட் குறைந்தால் 40 காசு பிடித்தம். 'ஆ' என்ற இடத்தில் டி.எஸ். ரேட் கிலோவுக்கு 305 ரூபாய், அவ்வளவுதான்.

எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு, 3.6 ஃபேட், 8.0 எஸ்.என்.எஃப். என்று வைத்துக்கொள்வோம். 'அ'-வில் ஃபேட்டுக்கு 1.20, எஸ்.என்.எஃப்.க்கு 2.00 போக லிட்டருக்கு 36.80. 'ஆ'-வில் மொத்தத் திடப்பொருள் 11.6 சதவீதம், கிலோவுக்கு 35.38, லிட்டராக மாற்றினால் 36.44. இந்த மாட்டுக்கு 'அ' 36 காசு மேல். இப்போது ஜெர்சி கலப்பினம், 4.6 ஃபேட், 8.4 எஸ்.என்.எஃப். 'அ'-வில் மேல் வரம்பு இடிப்பதால் ஃபேட்டுக்கு 90 காசுதான் சேரும், எஸ்.என்.எஃப்.க்கு 40 காசு போகும், ஆக 40.50. 'ஆ'-வில் 13.0 சதவீதம், கிலோவுக்கு 39.65, லிட்டருக்கு 40.84. இங்கே 'ஆ' 34 காசு மேல். பக்கத்துக் கட்டுத்தறிக்காரர் "அங்கே ஊத்து, நல்ல விலை" என்று சொல்வது அவர் மாட்டுக்கு உண்மை. உங்கள் மாட்டுக்கு அது தலைகீழாகலாம். சார்ட்டை முழுத்தாளாக வாங்கிப் பார்க்காமல், குறிப்பாக எஸ்.என்.எஃப். 8.0-க்குக் கீழே போனால் என்ன பிடித்தம் என்ற வரியைப் பார்க்காமல், இடம் மாறக் கூடாது. அந்த வரிக்குக் கீழே பிடித்தம் படிப்படியாக இல்லாமல் திடீரென்று இறங்கும் சார்ட்டுகள் உண்டு. கோடையில் எச்.எஃப். மாடு வைத்திருப்பவர்கள் மாட்டுவது அங்கேதான்.

அதிகம் பேசப்படாத இடம் ஒன்று இருக்கிறது: எஸ்.என்.எஃப். சூத்திரம். பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கும் இடங்களில் எஸ்.என்.எஃப்.பை யாரும் நேரடியாக அளப்பதில்லை. அது காட்டும் டிகிரியை (வெப்பநிலைக்குத் திருத்திய அளவு, சி.எல்.ஆர்.) நான்கால் வகுத்து, அதோடு ஃபேட்டில் ஒரு பங்கையும் ஒரு நிலை எண்ணையும் கூட்டிச் சொல்கிறார்கள். அந்தப் பங்கும் நிலை எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. டிகிரி 27, ஃபேட் 4.0 என்ற ஒரே பாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேட்டில் 0.20 பங்கும் 0.36 நிலை எண்ணும் போட்டால் 6.75, 0.80, 0.36 சேர்ந்து 7.91. ஃபேட்டில் 0.25 பங்கும் 0.44 நிலை எண்ணும் போட்டால் 6.75, 1.00, 0.44 சேர்ந்து 8.19. மாடு அதே, பால் அதே, டிகிரி அதே. ஒரு இடத்தில் 8-க்குக் கீழே, இன்னொரு இடத்தில் 8-க்கு மேலே. மேலே சொன்ன 40 காசுப் பிடித்தத்தில் மட்டுமே இது லிட்டருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். "எங்க பால் அங்கே நல்லா நிக்குது, இங்கே நிக்கமாட்டேங்குது" என்ற புகாரில் பாதி, மெஷின் கோளாறு அல்ல, இந்தச் சூத்திரம்தான். கூச்சப்படாமல் கேளுங்கள், எந்தச் சூத்திரம் என்று. சொல்ல மறுக்கும் இடத்தைப் பற்றி முடிவெடுப்பது சுலபம்.

வீட்டிலேயே லாக்டோமீட்டர் வாங்கிப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். கருவி எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்பது தண்டிலேயே எழுதியிருக்கும். சில 27 டிகிரி செல்சியஸ், சில 29. பால் அதைவிடச் சூடாக இருந்தால் அளவு குறைவாகவே காட்டும். இரண்டாவது, கறந்த சூட்டில் நுரையும் காற்றும் கலந்திருக்கும், கொழுப்பும் இன்னும் இறுகியிருக்காது. அந்த நேரத்தில் பார்க்கும் டிகிரி, சில மணி நேரம் கழித்துப் பார்ப்பதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி வரை குறைவாக இருக்கும். ஒரு டிகிரி என்றால் எஸ்.என்.எஃப்.பில் 0.25. வீட்டில் ஆறிய பாலைப் பார்த்துவிட்டு, சங்கத்தில் சுடச்சுடப் பார்த்ததோடு ஒப்பிட்டு செயலரோடு சண்டைக்குப் போவது நியாயமில்லை.

ஃபேட்டையும் எஸ்.என்.எஃப்.பையும் தானே காட்டும் அனலைசர் மெஷின் உள்ள இடங்களில் வேறு பிரச்சினை. மீயொலி மெஷினுக்குக் காற்றுக் குமிழி ஆகாது. கழுவிய தண்ணீர் குழாயில் கொஞ்சம் தங்கியிருந்தால் அடுத்து வரும் பால் மெலிவாகக் காட்டும். அதாவது வரிசையில் முதல் ஆளாக நிற்பவருக்கு நஷ்டம். முதல் சாம்பிளை ஓட்டிக் கழித்துவிட்டு இரண்டாவது முறை எடுப்பதுதான் முறை. அப்படிச் செய்கிறார்களா என்று ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். சாம்பிள் எடுக்கும் முன் கேனைக் கலக்குவதும் முக்கியம். தூரத்திலிருந்து வரும் பாலில் கொழுப்பு மேலே மிதக்கும். மேலாகக் கரண்டி போட்டால் ஃபேட் கூடும், அடியில் எடுத்தால் குறையும்.

இரண்டு இடங்களை உண்மையிலேயே சோதிக்க வேண்டுமானால் வழி இதுதான்: ஒரே கறவைப் பாலை நன்றாகக் கலக்கி இரண்டு பாட்டிலில் எடுத்து, அரை மணி நேரத்துக்குள் இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும். மூன்று நாள், காலை மாலை இரண்டு வேளையும். ஃபேட்டில் ஒரு பாயிண்ட் இப்படி அப்படி இருப்பது சகஜம். ஆறு தடவையும் ஒரே பக்கமாக மூன்று பாயிண்ட் குறைந்தால் அது சகஜமில்லை. அப்போது அமிலம் ஊற்றிக் கொழுப்பைப் பிரித்து அளக்கும் கெர்பர் முறையில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்: 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால், சுழற்சி இயந்திரம், 65 டிகிரி வெந்நீர். பழைய முறைதான், மெஷினையே அளவு சரிபார்க்க இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அளவில் போகும் பணம் சில்லறை மாதிரி தெரியும். வேளைக்கு 100 மி.லி. சாம்பிள் எடுத்துத் திரும்ப ஊற்றாவிட்டால் மாதம் 6 லிட்டர். 36 ரூபாய் விலையில் 216 ரூபாய். 7.86 லிட்டரை 7.8 என்று எழுதுவது போல வேளைக்கு 60 மி.லி. போனால் மாதம் 3.6 லிட்டர், அது ஒரு 130 ரூபாய். நாளைக்கு 10 லிட்டர் ஊற்றுபவருக்கு இவை இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு ஒரு ரூபாய் 15 காசு. விலையில் ஒரு ரூபாய் உயர்த்தச் சொல்லி மறியல் செய்கிறோம். இதைக் கேட்க மட்டும் வாய் வருவதில்லை.

பல சங்கங்களில் வேறொரு பழக்கமும் உண்டு. எல்லாருடைய பாலையும் ஒன்றாகச் சேர்த்து, சங்கங்களிடம் பால் வாங்கும் மாவட்டப் பால் ஒன்றியம் அந்த மொத்தப் பாலுக்குப் போடும் தரத்தை வைத்து எல்லாருக்கும் ஒரே விலை. ஜெர்சி வைத்திருப்பவரின் ஃபேட் பணம் மெலிந்த பால் ஊற்றுபவருக்குப் போய்விடும். தனித்தனியாகச் சோதித்து ஒவ்வொரு வேளையும் ஒப்புகைச் சீட்டு தரும் சங்கமா என்பதுதான், சங்கத்தைப் பொறுத்தவரை, கேட்க வேண்டிய முதல் கேள்வி.

காலப்போக்கில் இரண்டு பக்கமும் எப்படி நடந்துகொண்டன என்று பார்த்தால், ஆவின் விலை படிக்கட்டு, தனியார் விலை அலை. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2019 ஆகஸ்டில் 28-லிருந்து 32 ஆனது. மூன்று வருடம் அப்படியே நின்று, 2022 நவம்பர் 5 முதல் 35. எருமைப் பால் அதே காலத்தில் 35, 41, 44. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஊக்கத்தொகை என்பது அடிப்படை விலையில் ஏறியது அல்ல. அது பில்லில் சேர்ந்து வருகிறதா, தனியாக வங்கிக் கணக்கில் வருகிறதா, எந்த மாதம் வரை வந்திருக்கிறது என்று தனியாகக் குறித்து வைக்க வேண்டும். 2020 ஊரடங்கில் டீக்கடைகளும் ஓட்டல்களும் மூடியபோது தனியார் விலை பல இடங்களில் சரிந்தது, வாங்கும் அளவையும் குறைத்தார்கள். அப்போது சங்கத்துக்குப் பால் குவிந்தது. 2022-23-இல் காற்று திரும்பியது. தனியார் விலை ஏறி, சங்கத்து வரத்து குறைந்து, 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் விலை கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம், கிருஷ்ணகிரிப் பக்கம் அமுல் குளிரூட்டும் மையம் அமைத்துக் கொள்முதலில் இறங்குவதை எதிர்த்து முதலமைச்சர் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கொள்முதலில் போட்டி கூடினால் ஊற்றுபவருக்குக் கெடுதல் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அது அரசியல், விடுவோம்.

தனியார் விலை அசைவதற்குக் காரணம் பால் பவுடரும் வெண்ணெயும். மிஞ்சும் பால் அங்கேதான் போகிறது. அவற்றின் விலை இறங்கினால் சில வாரங்களில் டி.எஸ். ரேட் இறங்கும். மழை முடிந்து பசுந்தீவனம் நிறைந்த மாதங்களில் இறக்கமும், கோடையில் ஏற்றமும் வருவது வழக்கம். அதனால் ஏப்ரல் மாத விலையை வைத்துக்கொண்டு வருடம் முழுவதற்கும் கணக்குப் போடாதீர்கள்.

கோடையில் தனியார், மழைக்குப் பின் சங்கம் என்று தாவுபவர்களும் இருக்கிறார்கள். கணக்கு நன்றாகத்தான் தெரியும். ஆனால் சங்கத்து போனஸ், இயக்குநர் தேர்தலில் ஓட்டு எல்லாம் வருடத்தில் குறிப்பிட்ட நாளும் லிட்டரும் ஊற்றியிருந்தால்தான், அது துணைவிதியில் இருக்கும். செயற்கைக் கருவூட்டல், அவசர மருத்துவம், கடனில் தீவனம் இவற்றுக்கும் ஒரு விலை வைக்க வேண்டும். மாடு சினை பிடிக்காமல் தள்ளிப் போகும் ஒவ்வொரு 21 நாளும் தீவனச் செலவு. தனியார் பக்கம் முன்பணம் சுலபமாகக் கிடைக்கும், பில்லும் பெரும்பாலும் நாள் தவறாது. ஆனால் முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை விலை பேச முடியாது. சங்கத்தில் பால் பணம் பாக்கி விழும் காலங்களில் தீவனக் கடைக்குக் கட்டும் வட்டியையும் லிட்டர் விலையிலிருந்து கழித்துப் பாருங்கள்.

வீட்டு வாடிக்கை, டீக்கடை: லிட்டருக்கு அதிக விலை கிடைப்பது இதில்தான், சந்தேகமில்லை. ஆனால் மாடு வற்றினால் வாடிக்கை போகும், பள்ளி விடுமுறையில் பால் மிஞ்சும், மிஞ்சியதைத் தினமும் ஊற்றாதவரிடம் சங்கம் வாங்கத் தயங்கும். நாலு, ஐந்து லிட்டரை வாடிக்கைக்கும் மீதியைச் சங்கத்துக்கும் விடுவதே இதுவரை நிலைத்து நிற்கும் ஏற்பாடு.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைக்க ஒரு கணக்கு போதும். பில் தொகையில் எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு வந்ததை, ஊற்றிய திடப்பொருள் கிலோவால் வகுங்கள். தீவனக் கடன் தவணையைப் பிடித்தமாகச் சேர்க்காதீர்கள், அது உங்கள் செலவு. பத்து நாளில் 120 லிட்டர், சராசரி 3.9 ஃபேட், 8.2 எஸ்.என்.எஃப். என்றால்: 120-ஐ 1.03-ஆல் பெருக்க 123.6 கிலோ. அதில் 12.1 சதவீதம் 14.96 கிலோ திடப்பொருள். கைக்கு வந்தது 4,320 ரூபாய் என்றால் கிலோவுக்கு 289 ரூபாய். தனியார்காரர் 305 என்கிறாரே, அதே 14.96 கிலோவுக்கு அவர் கொடுப்பது 4,563. சாம்பிள், வண்டிச் செலவு, மெஷின் வித்தியாசம் போக அதில் எவ்வளவு நிற்கிறது என்று அடுத்த பத்து நாள் பாதிப் பாலை அங்கே ஊற்றிப் பார்த்தால் தெரியும்.

இடம் மாறும் முன் மாட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசிச் சொட்டில்தான் அதிகம். கன்றுக்குக் கடைசிப் பாலை விட்டுவிட்டு முன்பாலைக் கேனில் ஊற்றினால் எந்த சார்ட்டும் கைகொடுக்காது. கன்றுக்கு முதலில் விட்டு, மடியைச் சுத்தமாகக் கறக்க வேண்டும். காலை நாலு மணி, மதியம் இரண்டு மணி என்று கறந்தால் மதியப் பாலில் ஃபேட் கூடுவது இயல்பு, காலைச் சிலிப்பைக் காலைச் சிலிப்போடுதான் ஒப்பிட வேண்டும். உலர்தீவனம் குறைந்தால் ஃபேட் இறங்கும். எரிசத்து குறைந்தால் எஸ்.என்.எஃப். இறங்கும். அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம். மாற்றத்துக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், மூன்றாம் நாளே சிலிப்பைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு மாட்டின் எஸ்.என்.எஃப். மட்டும் 7.5-இல் கிடந்தால் நான்கு காம்பையும் தனித்தனியாகக் கறந்து மடிநோய்ச் சோதனை செய்யுங்கள். வெளியே வீக்கம் தெரியாத மடிநோயை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் இந்தச் சிலிப்புதான்.