ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே ஓர் இரைச்சல்: மலிவு ஜாஸ் பேஸ், சில மழைக்காலங்களுக்குப் பிறகு

உங்களிடம் இருக்கும் அந்த மலிவு ஜாஸ் பேஸ் கிடார் விலை இறங்கிவிட்டதாம், வாங்கலாமா என்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கழற்றி, அடியில் பச்சைக் களிம்பு ஏறிப்போன எர்த் ஒயரைச் சுரண்டிய கையோடு எழுதுகிறேன். காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

நாலு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் காந்தம்), இரண்டு வால்யூம், ஒரு டோன். அமெரிக்க கிடார் கம்பெனி ஃபெண்டர் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் அச்சு. அந்த அச்சில் ஊற்றாத கம்பெனி இல்லை, இதுவும் அப்படி வந்ததுதான். பெயர் சொல்லி வம்பை வாங்க வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கழுத்து அருமை. உச்சியில், நட் பக்கம் அகலம் 38 மில்லிமீட்டர்தான், சின்னக் கைக்கும் முதல் நாலு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) எட்டும். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை மட்டும் திறந்து, டோனைப் பாதிக்கு மூடி, விரலை பிரிட்ஜை ஒட்டி வைத்து வாசித்தால், எண்பதுகளின் திரைப்பாட்டுகளில் பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓடும் பேஸ் இருக்கிறதே, அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த விலையில் அது பெரிய விஷயம்.

ஆனால் அந்த ஒரு பிக்கப்பை மட்டும் திறந்த உடனே 'ம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடும். என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பிக்கப் பிடித்துவரும் இரைச்சலும் அதே சுதிதான். பேஸின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், கீழ் ஜி, 49 ஹெர்ட்ஸ்; பாடுபவர் கணக்கில் ஐந்து கட்டை. அதாவது இரைச்சல் ஐந்து கட்டைக்கு மேலே, அரைக் கட்டைக்கும் குறைவாக, சுதி விலகி நிற்கிறது. பெண் குரல் ஐந்து கட்டையில் பாடினால் அது சட்ஜமத்தில் வந்து உட்காரும், ஆண் குரல் ஒரு கட்டையில் பாடினால் பஞ்சமத்தில். கச்சேரியில் பாதிப் பாட்டு இந்த இரண்டில் ஒன்று. அந்த மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி நீளமாக விட்டுப் பாருங்கள்: விநாடிக்கு ஒருமுறை சத்தம் பொங்கி அடங்கும். திறந்த ஜி கம்பியில் 98க்கும், இரைச்சலின் இரண்டு மடங்கான 100க்கும் சண்டை, விநாடிக்கு இரண்டு முறை பொங்கும். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடினால் இன்னும் வேடிக்கை. லோடு குறைவாக இருக்கும்போது அது 52 வரை ஏறும், இரைச்சலும் ஐந்தரைக் கட்டைக்குப் போய்விடும். லைட் எல்லாம் போட்டதும் இறங்கும். சுதிப்பெட்டியே வேண்டாம், ஜெனரேட்டர்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு சவுண்டுகாரர் செய்யும் வைத்தியம் ஈக்வலைசரில் 50ஐ அறுப்பது. அறுத்தால் கீழ் ஜியும் அதோடு போய்விடும், ஆனால் கூட்டத்துக்குக் கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி 100, 150 என்று மேலே இருப்பது, அது அப்படியே இருக்கும். சத்தம் இறங்கியதும் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் பெடல் போட்டால் நோட்டின் வாலை வெட்டிவிடும். மெலடிப் பாட்டில் அந்த வால்தான் பேஸ்.

உண்மையான மருந்து கிடாருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பிக்கப்பில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டது, காந்தமும் தலைகீழ். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றைக் கொஞ்சம் இறக்கினாலும் திரும்பி வரும். ஆனால் இரண்டும் முழுதாகத் திறந்திருந்தால் நடு ஒலி குழிந்துபோகும், நான் மேலே புகழ்ந்த அந்தக் குரல் காணாமல் போய்விடும். இதை வாங்குவதே அதற்காகத்தான் என்றால், அமைதியாக வாசிக்கும் ஒரே நிலையில் அது கிடைக்காது.

செப்பு டேப் ஒட்டலாம். டியூப் லைட், சீரியல் செட், டிம்மர் தரும் கரகரப்பை அது நன்றாகக் குறைக்கும். ஆம்ப், அடாப்டர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்த இரைச்சலை டேப் தடுக்காது, இதைத் தெரிந்துகொண்டு ஒட்டுங்கள். பசையும் மின்சாரம் கடத்தும் டேப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். கன்ட்ரோல் குழி, பிக்கப் குழி இரண்டு, எல்லாவற்றுக்கும் ஒட்டி, துண்டுக்குத் துண்டு அரை சென்டிமீட்டராவது மேலே ஏற்றி, மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்குக் கீழே காட்டுகிறதா பாருங்கள். மூன்று குழியையும் ஒயரால் இணைத்து பாட் (வால்யூம் திருகுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் சால்டர் வையுங்கள். 25 வாட் இரும்புக்கு பாட் முதுகு சூடேறாது, 40 வேண்டும். கேபிள் நுனி தொடும் ஜாக் தகடு, பின்னைச் செருகும்போது வெளிப்பக்கம் வளையும். அது எதிரே செப்பில் பட்டால் சத்தமே வராது. அந்த இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று முதலில் தின்பது கம்பியை அல்ல, பிரிட்ஜுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் அந்த எர்த் ஒயரை. கம்பியின் துரு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. சோதிப்பது சுலபம்: கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் ஒயர் நல்லது. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி என்றால் ஒயர் போச்சு. நுனியையும் பிரிட்ஜின் அடிப்பாகத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஒயர் நுனியில் ஈயம் பூசி, திருப்பி மாட்டுங்கள். ஜாக்கையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் டீச் செலவுதான்.

தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் பெரும்பாலும் அது கிடார் பிரச்சினை இல்லை, மேடை பிரச்சினை. நம்ம பக்கத்துக் குட்டி மண்டபங்களில் மீட்டர் போர்டில் எர்த் இருக்கும், மேடைக்கு இழுத்த ரெண்டு கம்பி ஒயரில் இருக்காது. கை பேஸ் கம்பியில், உதடு மைக்கில் பட்டால் சுரீர் என்று அடிக்கும். பாட ஆரம்பிக்கும் முன் டெஸ்டரை மைக் வலையில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் வாசிக்காதீர்கள், கல்யாண வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. கீபோர்டு, ஆம்ப், மிக்சர் மூன்றும் ஒரே ஃபேஸில், ஒரே போர்டில் இருந்து போக வேண்டும். லைட் வேறு ஃபேஸில் போகட்டும். ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவே இரைந்தால் அந்த இரண்டையும் இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள். அதற்குப் பதில் பிளக்கின் எர்த் முள்ளை உடைக்கும் மேதைகள் இருக்கிறார்கள். அவர்களோடு மேடை ஏற வேண்டாம்.

காசில்லாத ஒரு தந்திரமும் உண்டு: நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அந்தக் கோணத்திலேயே நில்லுங்கள், முதுகு கூட்டத்துக்கு இருந்தாலும் பரவாயில்லை. பேஸ் வாசிப்பவரை யார் பார்க்கிறார்கள்?

மற்றவை சுருக்கமாக. ஐப்பசி மழைக்குப் பிறகு கழுத்து முன்னால் வளையும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதிகமானால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை, அதாவது டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் முறுக்காதீர்கள். கம்பி 45-105 செட் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் தடிமன்). பழைய பாட்டே அதிகம் என்றால் மேல்சுற்று வழவழப்பான ஃப்ளாட் ஒயுண்ட் கம்பி போடுங்கள், விலை கூட, ஆனால் வருஷக்கணக்கில் வரும். கம்பி முறுக்கும் பெக் எதுவும் தொந்தரவு தரவில்லை.

தம்பிக்குப் பதில்: வாங்காதீர்கள். இதே காசுக்கு ஃபெண்டரின் இன்னொரு பேஸான பிரிசிஷன் அச்சில் கிடைக்கும். 1957இலிருந்து அதன் பிக்கப் இரண்டு துண்டாக, இரைச்சலைத் தானே அடக்கும்படி வருகிறது. ஒரே ஒரு வால்யூம், எந்த மண்டபத்திலும் நிம்மதி. என்னுடையதை விற்பேனா என்றால், அது வேறு கேள்வி, மாட்டேன்.

இல்லை, இதுதான் வேண்டும் என்றால் கடையில் டியூப் லைட்டுக்கு அடியில் நின்று, கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மூடி, மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக் கேளுங்கள். எல்லா ஜாஸும் இப்படித்தான் சார் என்பார் கடைக்காரர். உண்மைதான். அதைச் சொல்லியே இன்னும் ஐந்நூறு குறைக்கச் சொல்லுங்கள்.