ரோஸ்ஹில்லில் ஒரு கணினி பழுதுபார்ப்புக் கடை

மொரீஷியஸில், ரோஸ்ஹில் ஊரின் சந்தையை ஒட்டிய சந்தில், கைப்பேசி உறைகள் தொங்கும் இரு கடைகளுக்கு நடுவே பெயர்ப்பலகை இல்லாமல் இருக்கிறது இந்தப் பழுதுபார்ப்புக் கடை. சென்ற மாதம் என் மடிக்கணினியை அங்கே கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். வேலையிலும் கூலியிலும் எனக்கு முழு மனநிறைவு. நாள் தவறாமையில்தான் குறை.

ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். 1999 டிசம்பர் 31 இரவு, ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்திருந்த பழைய நிரல்கள் விடிவதற்குள் என்ன செய்யுமோ என்று அலுவலகத்தில் விழித்துக் கிடந்தேன். விண்டோஸ் 2000 லதா என்ற தமிழ் எழுத்துருவோடு வந்தபோது, எங்கள் ரூபாய்த் தாளிலும் கோவில் சுவரிலும் பார்த்துப் பழகிய எழுத்து திரையிலும் ஏறிவிட்டதென்று வீட்டிலிருந்த அனைவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போதோ புதிய பதிப்பு என்று அறிவிப்பு வந்தால், எந்தப் பொத்தானை இந்த முறை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்ற சலிப்புத்தான் எழுகிறது. எனக்கு வேண்டியதெல்லாம் இருப்பதை ஓடவைத்துக் கொடுக்கும் ஆள்.

அப்படிப்பட்ட ஆளைத் தேடவேண்டிய நிலை 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அன்றோடு நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. திரையிலும் விசைப்பலகையிலும் ஒரு பழுதும் இல்லாத அதைப் பார்த்து, பெரிய கடையொன்றில் புதிது வாங்கச் சொன்னார்கள்.

இந்தக் கடை இளைஞரோ பின்மூடியைக் கழற்றி, நான் வசிக்கும் வாகோவாவின் ஈரக்காற்றில் விசிறியோடு ஒட்டிக்கிடந்த தூசியைச் சுரண்டியபடியே, "தொந்தோன் (மாமா), இது இன்னும் பல வருஷம் ஓடும்" என்று இங்குள்ள பேச்சுமொழியான கிரெயோலில் சொன்னார். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத 480 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தினார்; நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினார். தரவைத் தேடித் தட்டின்மேல் ஊசிமுனை அலையவேண்டிய வேலை ஒழிந்ததால், மூன்று நிமிடம் எடுத்த தொடக்கம் அரை நிமிடத்துக்குள் முடிகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலி எதுவும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும் மறுபடி கேட்கவில்லை. இதற்கே ஒரு நட்சத்திரம் கூட்டலாம்.

தமிழில் தட்டச்சு செய்ய உதவும் தமிழ் 99 விசைப்பலகை அமைப்பை நிறுவ அவருக்குத் தெரியவில்லை. நானே உட்கார்ந்து அமைத்தேன். தன் பெயரைத் தமிழில் அடித்துக் காட்டச் சொல்லி, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார், பாட்டிக்கு அனுப்புவாராம். அந்தப் பத்து நிமிடம் எனக்கு அலுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். கையால் எழுதிய ரசீதில் உத்தரவாதக் காலம் இல்லை. கேட்டபின் ஆறு மாதம் என்று எழுதித் தந்தார். வியாழன் மாலை வரச் சொன்னார். வியாழன் பிற்பகலில் இந்த ஊர்க் கடைகள் அடைத்துவிடும் என்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வாகோவா திரும்பினேன். சனிக்கிழமைதான் கையில் கிடைத்தது. மொத்தம் 3,400 ரூபாய். கைப்பேசியில் பணம் செலுத்தும் ஜூஸ் செயலியில் செலுத்தலாம் என்றார். நான் தாள்களை எண்ணிக் கொடுத்தேன்.