27 வயது இன்ஃபீல்டருக்கு எது வழி: டிரிபிள்-ஏ, கொரியா, பிட்சிங் மேடு

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் ஓர் இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டிய உட்களத்தில் நிற்பவர்) டிரிபிள்-ஏ வரை, அதாவது உச்சமான மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே வரை, ஏறிவிட்டார் என்றால் திறமையைப் பற்றிய சந்தேகம் அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் நடப்பது இடப் பிரச்சினை. மேலே உள்ள அணியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) நீண்ட ஒப்பந்தத்தோடு நிற்கிறார். கீழே டபுள்-ஏயில் 21 வயதுப் பையன் ஒருவன் வேகமாக வந்துகொண்டிருக்கிறான். நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு வயது 27. இந்த இடத்தில் அவர் எடுக்கக்கூடிய வழிகள் மூன்று: அங்கேயே காத்திருப்பது, ஆசியாவுக்கு விமானம் ஏறுவது, கையுறையை மாற்றிக்கொண்டு பந்து வீசப் போவது.

காத்திருப்பதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று மைக் ஹெஸ்மன். மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர். 1996இல் புதுமுக வீரர் தேர்வின் 15ஆம் சுற்றில் அட்லாண்டா பிரேவ்ஸ் எடுத்தது. 2015 வரை ஆடி, மைனர் லீகுகளில் 433 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்தார். பஸ் ஆர்லெட் வைத்திருந்த 432 என்ற பழைய சாதனையை, டிரிபிள்-ஏ அணியான டொலிடோ மட் ஹென்ஸுக்காக ஒரு கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது வரும் ஹோம் ரன்) அடித்து முறியடித்தார். மேஜர் லீகில் அவருக்குக் கிடைத்தவை 109 ஆட்டங்கள், 14 ஹோம் ரன்கள், .188 என்ற பேட்டிங் சராசரி (ஆயிரம் முயற்சிக்கு 188 ஹிட் என்ற விகிதம்; ஹிட் என்பது பேஸை எட்டவைக்கும் அடி). இன்னொரு முகம் ட்ரூ மேகி. 2010இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது, அதுவும் 15ஆம் சுற்றில்தான். ஆறு நிறுவனங்கள் (ஒரு மேஜர் லீக் அணியும் அதன் கீழ் அணிகளும் சேர்ந்தது ஒரு நிறுவனம்), 13 சீசன்கள், 1,155 மைனர் லீக் ஆட்டங்கள். 2021இல் மினசோட்டா ட்வின்ஸ் மேலே அழைத்து, ஒரு பந்தைக்கூடச் சந்திக்க விடாமல் திருப்பி அனுப்பியது. 2023 ஏப்ரல் 26 அன்று, 33 வயதில், பிட்ஸ்பர்க் மைதானத்தில் பைரேட்ஸுக்காக டாட்ஜர்ஸுக்கு எதிராக மாற்று பேட்ஸ்மனாக இறங்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஸ்ட்ரைக் அவுட் ஆனார். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட்.

ஹெஸ்மனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பரிதாபத்தோடு பேசுகிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. இருபது சீசன் ஒரு மனிதனைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்றால் அவர் அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெண்கலம் வென்றார். ஆட்டத்தை விட்டபின் டெட்ராய்ட் டைகர்ஸின் மைனர் லீக் அணிகளில் பேட்டிங் பயிற்சியாளர் ஆனார். ஆனாலும், காத்திருக்கும் வழி அவருடைய வகை ஆட்டக்காரருக்கு ஏற்றதல்ல என்பதே என் கணிப்பு. மூன்றாம் பேஸிலும் முதல் பேஸிலும் பலமாக அடிக்கிறவரை ஓர் அணி அவசரத்துக்கு அழைப்பது அரிது. அழைத்தால் தினமும் ஆடவைக்க வேண்டும். மேகி இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ், தேவைப்பட்டால் வெளிக்களம் என்று எங்கும் நிற்பார். ஒரு வீரர் குடும்பத் துக்கத்துக்காக விடுப்பில் போனார், இடம் காலியானது, மேகிக்கு அழைப்பு வந்தது. எல்லா இடத்திலும் நிற்கத் தெரிந்த கைகளுக்குத்தான் இப்படிப்பட்ட நாட்கள் வாய்க்கும்.

பணத்தைப் பார்த்தால் இந்த ஒரு சில நாட்களின் எடை புரியும். மைனர் லீக் ஆட்டக்காரர்களின் முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் 2023இல் வந்தபின் டிரிபிள்-ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு 17,500 மட்டுமே. அதே 2023இல் மேஜர் லீக் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். சீசன் நாள் ஒன்றுக்கு 3,800 டாலருக்கு மேல். மேலே பத்து நாள் இருந்தால், கீழே ஓர் ஆண்டு முழுக்க வாங்கும் அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டிவிடும். மேலே மொத்தம் 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை. பல சீசன் கண்டு சுதந்திர ஒப்பந்தக்காரர் ஆனவர்கள் பேரம் பேசி அடிப்படையைவிடக் கூடுதலாகவே வாங்குவார்கள் என்பதும் உண்மை. ஆனால் இடங்கள் சுருங்கிவருகின்றன. 2021இல் மேஜர் லீக் அணிகளோடு இணைந்த மைனர் லீக் அணிகள் 120ஆகக் குறைக்கப்பட்டன. 2024 முதல் ஒரு நிறுவனம் உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர்கள் 180இலிருந்து 165.

ஆசியா வேறு கணக்கு. கொரிய லீகில் பத்து அணிகள். வெளிநாட்டினருக்கு 2025 வரை நெடுங்காலமாக அணிக்கு மூன்று இடமே இருந்தது. மூவருமே பிட்சர்களாக (பந்து வீசுபவர்களாக) இருக்கக்கூடாது. அணிகள் வழக்கமாக இரண்டு பிட்சர், ஒரு பேட்டர் என்று எடுப்பதால், பேட்டருக்கான கதவு மொத்தத்தில் ஏறக்குறைய பத்துதான். முதல் ஆண்டு வருபவருக்கு அனைத்தும் சேர்த்து பத்து லட்சம் டாலர் உச்சவரம்பு. அந்தக் கதவு வழியே போனவர்களில் எரிக் தேம்ஸைப் போல் திரும்பி வந்தவர் அரிது. டொரண்டோ, சியாட்டில் அணிகளில் நிலைக்காமல், 2013 முழுவதையும் மைனர் லீகில் கழித்த வெளிக்கள ஆட்டக்காரர். என்சி டைனோஸ் அவரை முதல் பேஸுக்கு மாற்றியது. மூன்று சீசனில் 124 ஹோம் ரன். 2015இல் 47 ஹோம் ரன், 40 பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), சிறந்த ஆட்டக்காரர் விருது. மில்வாக்கி ப்ரூவர்ஸ் மூன்றாண்டுக்கு 1.6 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப அழைத்தது.

ஆனால் கொரியாவும் ஜப்பானும் தேடுவது ஹோம் ரன்னைத்தான். கைநேர்த்தி மட்டும் உள்ள ஷார்ட்ஸ்டாப்பை அவர்கள் உள்ளூரிலேயே வளர்த்துக்கொள்வார்கள். பேட்டிங்கில் தடுமாறினால் பொறுமையும் கிடையாது. சீசன் நடுவிலேயே ஆளை மாற்றிவிடுவார்கள். ஹெஸ்மனும் 2011இல் ஜப்பானின் ஓரிக்ஸ் பஃபலோஸுக்குப் போனார். ஒரே சீசனில் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 33. தேம்ஸ் கொரியா போனபோது 27. இந்த ஆறு ஆண்டு வித்தியாசத்தை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

பந்து வீசப் போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரெவர் ஹாஃப்மன் சின்சினாட்டி ரெட்ஸின் ஷார்ட்ஸ்டாப்பாக 1989இல் தேர்வானவர். 1990இல் அவருடைய சராசரி .212. அடுத்த ஆண்டே பிட்சர் ஆக்கப்பட்டு, 601 சேவ்களுடன் (கடைசியில் பந்து வீச வந்து அணியின் முன்னிலையைக் காப்பது ஒரு சேவ்) ஓய்வு பெற்று, 2018இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் நுழைந்தார். ஆனால் மாறும்போது அவர் 23 வயதுக்காரர், இயல்பிலேயே அசுர பலமுள்ள தோள் அவருக்கு. 27 வயதில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே, ஆண்டுக்கு 25 ஹோம் ரன் அடிக்கும் முதல் பேஸ் அல்லது மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் என்னிடம் கேட்டால், அந்தக் குளிர்காலத்திலேயே முகவரிடம் கொரியாவைப் பற்றிப் பேசச் சொல்வேன். 30 வயது வரை ஒத்திப்போடக் கூடாது. நான்கு இடங்களில் நிற்கக்கூடிய, குறைவாக அடிக்கும் இன்ஃபீல்டர் என்றால் அமெரிக்காவிலேயே இருக்கட்டும். ஒப்பந்தம் போடும்போது பணத்தைவிட, அந்த நிறுவனத்தின் மேல் அணியில் உதிரி இன்ஃபீல்டர் யார், அவருக்கு எத்தனை வயது என்பதை முதலில் பார்க்கட்டும். மேகி பைரேட்ஸில் ஆடியது மூன்றே ஆட்டங்கள், ஆறு முறை பேட் செய்து இரண்டு ஹிட். பிறகு மீண்டும் ஆல்டூனாவின் டபுள்-ஏ அணிக்கே அனுப்பப்பட்டார். அங்கும் தன் இடத்தில் போய் நின்று ஆடினார்.