இரவு பேக்கப்பும் ஈப்போவுக்குப் போகும் பிரதியும்: வீம் மென்பொருளுடன் நான்கு ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் அலுவலகம், சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குப் பெரட்டுக் கணக்கும் (தொழிலாளர் வருகைப் பதிவு), குலை நிறுவைக் கணக்கும், மாதச் சம்பளமும் போட்டுக் கொடுக்கிறது. ஒரே சர்வரில் நான்கு மெய்நிகர் கணினிகள், அதாவது மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள், ஓடுகின்றன. நான்கையும் சேர்த்தால் 640 ஜிபி. சுருக்கிச் சேமித்த முழு பேக்கப் 400 ஜிபி அளவில் அமைகிறது, அன்றாட மாற்றங்கள் 9 ஜிபியைத் தாண்டுவது அரிது. பேக்கப் எடுக்கும் மென்பொருளான வீம் பேக்கப் அண்ட் ரெப்ளிகேஷனின் கம்யூனிட்டி பதிப்பு 10 கணினிகள் வரை கட்டணமில்லாமல் கிடைப்பதால், எங்கள் அளவுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. முதல் பிரதி அலுவலகத்து நாஸ் பெட்டியிலும் (வலையமைப்பில் இணைந்த சேமிப்புக் கருவி), இரண்டாவது பிரதி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் உள்ள எங்கள் கிளையிலும் இருக்கின்றன. பேக்கப் எடுப்பதில் எனக்குப் பெரிய சிரமம் நேர்ந்ததில்லை. பேக்கப் எடுப்பது, ஈப்போவுக்குப் பிரதி அனுப்புவது ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே இரவுக்குள் ஒன்றோடொன்று மோதாமல் ஓட வைப்பதற்குத்தான் நீண்ட காலம் பிடித்தது.

தொடக்கத்தில் ஈப்போவுக்குப் பிரதி அனுப்பும் பொறுப்பை வீமிடம் கொடுக்கவில்லை. இரவு 9 மணிக்கு பேக்கப் தொடங்கும்; 11 மணிக்கு குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர், கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி கட்டளையை இயக்கி, நாஸ் கோப்புறையில் புதிதாக வந்த கோப்புகளை ஈப்போவுக்கு அனுப்பும். வார நாட்களில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. எங்கள் இணைப்பில் பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) என்பதால் 9 ஜிபி ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் வீம் ஒரு புதிய முழுப் பிரதியை உருவாக்கும்படி அமைத்திருந்தேன். ரோபோகாப்பியின் பார்வையில் அது 400 ஜிபி கொண்ட புதுக் கோப்பு; அதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஈப்போவில் இருப்பதை அது அறியாது. அதே வேகத்தில் 400 ஜிபியை அனுப்ப 44 மணி நேரத்திற்கு மேல் ஆகும், அதாவது சனி இரவு 11 மணிக்குப் புறப்பட்ட கோப்பு திங்கள் இரவு ஏழரை மணிக்குத்தான் முழுமையாகப் போய்ச் சேரும். இதற்கிடையில் ஞாயிறு இரவு 11 மணிக்கு ஓட வேண்டிய வேலையும் தொடங்குவதில்லை, ஏனென்றால் முந்தைய ஓட்டம் முடியாதவரை புதிய ஓட்டத்தைத் தொடங்காதிருப்பதே டாஸ்க் ஷெட்யூலரின் இயல்பான அமைப்பு. இந்தப் பெருக்கலை நான் முன்கூட்டியே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

2021 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு இடி விழுந்தது. கூரைக் கேமராவின் கம்பி வழியாக இறங்கிய மின்னல், சுவிட்ச், நாஸ் பெட்டி, சர்வரின் மின்பகுதி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் ஆகியவற்றை ஒரே நொடியில் எடுத்துக்கொண்டது. ஈப்போவில் இருந்த புதிய முழுப் பிரதி நிறைவடைய இன்னும் இரண்டரை மணி நேரம் தேவைப்பட்டது. நிறைவடையாத முழுப் பிரதியிலிருந்து எதையும் மீட்க முடியாது. மீட்கக் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவின் நிலை மட்டுமே. மறுநாள் சர்வரை எழுப்பிய பிறகு எங்கள் மூத்த கிராணி (எழுத்தர்) திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, சனிக்கிழமை போட்ட குலைக் கணக்கு ஒன்னும் காணோமே" என்றார். மாதத்தின் முதல் வாரம் அது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் ஊதியம் தொழிலாளர் கைக்குப் போயாக வேண்டும். நல்ல வேளையாக நிறுவைச் சீட்டுகளின் கார்பன் பிரதிகளை நாங்கள் தூக்கி எறிவதில்லை. செம்மண் படிந்த, சில இடங்களில் மழையில் எழுத்து கரைந்துபோன அந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு கிராணிகள் ஒன்றரை நாள் உட்கார்ந்து மறுபடியும் பதிவு செய்தார்கள். குலை வெட்டியவரின் கூலி அந்தச் சீட்டில் உள்ள எடையைப் பொறுத்தது என்பதால், ஓர் எண்ணைக்கூட அவர்கள் ஊகித்து எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் வீமிலேயே உள்ள பேக்கப் காப்பி வேலைக்கு மாறினேன். கோப்பை அப்படியே தூக்கி அனுப்பாமல், புதிய மீட்புப் புள்ளியில் (ஒவ்வொரு பேக்கப்பும் பதிந்து வைக்கும் நிலை) மாறியிருக்கும் பகுதிகளை மட்டும் எடுத்து அனுப்பி, சேருமிடத்தில் முழுப் பிரதியும் அதன் பின் வரும் மாற்றங்களும் கொண்ட தனியான ஒரு சங்கிலியை அது கட்டிக்கொள்கிறது. மூலக் கணினிகளைத் தொடாமல் நாஸில் உள்ள பேக்கப்பிலிருந்தே படிப்பதால், உற்பத்திச் சர்வருக்குச் சுமையும் கூடுவதில்லை. 2020இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து இந்த வேலைக்கு இரண்டு முறைகள் உண்டு: குறித்த இடைவெளியில் நகலெடுப்பது ஒன்று, மீட்புப் புள்ளி உருவானதும் உடனே நகலெடுப்பது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், இன்றுவரை மாற்றவில்லை. பேக்கப் எப்போது முடியும் என்று நானே ஊகித்து, அதற்கு அடுத்த மணியை எழுதி வைக்கும் வழக்கம் அத்தோடு போயிற்று. மாதக் கடைசியில் கிராணிகள் இரவு பத்து மணிவரை வேலை செய்து பேக்கப் தாமதமானாலும், பிரதி அதன் பின்னாலேயே போய்ச் சேர்கிறது.

முதல் முழுப் பிரதியை இணையம் வழியாக அனுப்பவில்லை. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக் காரில் ஈப்போவுக்குக் கொண்டுபோய் இறக்கி, காப்பி வேலையை அந்தக் கோப்போடு இணைத்தேன். கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி செய்யும் குறியாக்கத்தை அதற்கு முன்பே இயக்கியிருக்க வேண்டும். பிற்பாடு இயக்கியதால் வீம் புதிதாக ஒரு முழுப் பிரதியைக் கேட்டது, நானும் இரண்டாம் முறை வண்டி ஓட்டிப் போக நேர்ந்தது. குறியாக்கக் கடவுச்சொல்லை உறையிலிட்டு ஈப்போ கிளையின் பெட்டகத்திலும் வைத்திருக்கிறோம், ஏனென்றால் இங்கே தீப்பிடித்தால் இங்கே எழுதி வைத்த கடவுச்சொல்லும் எரிந்துபோகும்.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஈப்போவில் முதலில் ஒரு நாஸ் பெட்டியை மட்டும் வைத்து, இங்கிருந்தே பகிர்வுக் கோப்புறையாக இணைத்திருந்தேன். காலவரம்பு தாண்டிய பழைய புள்ளியை முழுப் பிரதிக்குள் வீம் கரைக்கும்போது, அந்தப் படிப்பும் எழுத்தும் இங்கிருக்கும் சர்வர் வழியாகவே நடந்தன. அதாவது ஈப்போவில் உள்ள தரவு இணையம் வழியாக இங்கே வந்து மறுபடியும் ஈப்போவுக்கே திரும்பிப் போயிற்று. அனுப்புவது ஒரு மணி நேரம்தான், ஆனால் வேலை விடியும்வரை முடியாது. ஈப்போவில் ஒரு பழைய மேசைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பில் வட்டை அமைத்து, அதையே பிரதிகளைச் சேமிக்கும் களஞ்சியமாக வைத்த பிறகு அந்தக் கரைப்பு முழுவதும் அங்கேயே நடந்து முடிகிறது. தொலைவிடப் பிரதி விடிந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், வேகமான இணைப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள் என்றே சொல்வேன். அந்தக் கணினியின் கணக்கும் கடவுச்சொல்லும் எங்கள் அலுவலகக் கணினிகளின் பொதுக் கணக்குத் தொகுப்பான டொமைனில் இல்லை. இங்கே ஒருவர் உள்நுழைந்து நாசம் செய்தாலும் அதே சாவி அங்கே பொருந்தாது.

இப்போதைய ஒழுங்கில் பேக்கப் இரவு 9.30க்குத் தொடங்கி 10.15 அளவில் முடிகிறது, பிரதி 11.30க்குள் ஈப்போவில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஏழு நாட்களில் மதிய உணவு நேரத்தில் கூடுதலாக ஒரு பேக்கப் எடுக்கிறேன். பகலில் பிரதியின் வேகத்தை 5 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுப்படுத்தியிருப்பதால், அந்த 3 ஜிபி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகிறது, கிராணிகளுக்கும் இடைஞ்சல் இல்லை. மைக்ரோசாஃப்ட் இரண்டாவது செவ்வாயன்று வெளியிடும் புதுப்பிப்புகள் நம் நேரப்படி புதன் அதிகாலையில் வருவதால், சர்வரின் தானியங்கி மறுதொடக்கத்தை ஞாயிறு பகலுக்கு மாற்றிவிட்டேன். நாஸில் 14 நாள் பிரதிகளும், ஈப்போவில் 30 நாள் பிரதிகளோடு 12 மாதப் பிரதிகளும் 7 ஆண்டுப் பிரதிகளும் நிற்கின்றன. வருமான வரிக்கான பதிவேடுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த எண்ணுக்குக் காரணம்.

பச்சை நிறத்தில் வரும் வெற்றிச் செய்தியை மட்டும் நம்பி நான் இருப்பதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஈப்போவுக்குப் போய், அங்குள்ள பிரதியிலிருந்து நிறுவைக் கணக்கை வேறொரு கணினியில் மீட்டு, முந்தைய நாளின் கடைசிச் சீட்டு எண்ணைத் தேடுகிறேன். அந்தச் சீட்டின் கார்பன் பிரதி என் சட்டைப் பையில் இருக்கும். எண்ணும் எடையும் ஒத்துப்போன பிறகே வீடு திரும்புகிறேன்.